சாவித் துவாரத்தில் சந்தனம்

உடைந்த சாவியை எடுப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கையை எடு. சாவி முறிந்ததும் மனிதன் செய்கிற முதல் காரியம், கையில் இருக்கிற மிச்சத்தை மறுபடி உள்ளே விட்டுத் திருப்பிப் பார்ப்பது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. உள்ளே இருக்கிற துண்டு இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழன், சீனன், மலாய்க்காரன், வெள்ளைக்காரன் என்று எல்லாரும் என் கண் முன்னாலேயே இதைச் செய்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டவன் ஒரே ஒருவன். அவன் ஜப்பான்காரன். அவனைப் பற்றி இத்தனை காலம் நான் யாரிடமும் விவரமாகப் பேசியதில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஈப்போவிலிருந்து ஒருவர் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு மலைமேல் ரிங்லெட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். சுவிட்சுக்குள் சாவி முறிந்து கிடந்தது. "கடையில ட்ரில் போட்டுரலாம்ங்கிறான் அங்கிள். சுவிட்ச்சு ஒரிஜினல் லா, மனசு வரல" என்றார். எனக்கு ட்ரில் மீது கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் கேட்டு வந்துவிட்டார். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்தேன். அவர் திகைத்துப்போய், இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா என்றார். எதையெல்லாம் எழுதச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக, இயந்திரம் பழுது பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் ஐந்தாறு வருஷம் என்ன கற்றாய் என்று கேட்டால், அரம் பிடிக்கவும் திட்டு வாங்கவும் கற்றேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

திட்டியவர் எங்கள் தலைமை பிட்டர் சுப்பையா அண்ணன். குள்ளமான ஆள், குரல் மட்டும் பேக்டரி சங்கு. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலையானாலும் ஆயுதத்தைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லியாக வேண்டும். "மொதல்ல வாயால செஞ்சு காட்டு" என்பார். நடுவில் ஓரிடத்தில் தடுமாறினாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அவசர வேலையில் மனிதரைக் கடித்துத் தின்னலாம்போல் இருக்கும். அவர் சாராயம் குடிப்பார் என்பதும், சம்சு என்கிற அந்தச் சாராயப் போத்தலைச் சாணைக்கல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்று அவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் கால மோட்டார் சைக்கிளில் சுவிட்ச் முன்விளக்கின் தலையிலேயே இருக்கும். சாவி முறிந்தால் வாயால் செய்து காட்ட வேண்டிய பாடம் இது. முதலில் பேட்டரி வயரைக் கழற்று. பிறகு கண்ணாடித் துண்டால் வெளிச்சத்தை உள்ளே திருப்பிப் பார். துண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பல் எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் முறிந்தது என்று கண்டுபிடி. கோணம்தான் முக்கியம். நேராக விட்ட சாவி நேராக இருந்தால்தான் வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால், முதலில் அதை ஆரம்ப நிலைக்குத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பாமல் இழுத்தால் பூட்டும் போச்சு, துண்டும் போச்சு. இழுப்பதற்கு நான் பழைய கடிகார ஸ்பிரிங்கை வெட்டி, நுனியில் ஒரே ஒரு பல் அராவி வைத்திருந்தேன். சாவியின் ஓரமாகச் செலுத்தி, லேசாகச் சாய்த்து, பல் கவ்வியதும் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் நழுவித் துண்டை உள்ளே தள்ளிவிடும்.

இந்த வேலையில் நான் பேர் வாங்கியது ஜப்பான்காரன் காலத்தில். ஜப்பான் படை இறங்கியதும் தோட்டத்துத் துரைமார் இரவோடு இரவாகச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார்கள். கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் விட்டுவிட்டுச் சாவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன லாபம் கண்டார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜப்பான்காரன் எல்லா வண்டிகளையும் எடுத்துக்கொண்டான். தானா ராத்தாவில் ஒரு சீனத் தட்டான் கிடைத்த தகட்டில் எல்லாம் சாவி அராவிக் கொடுத்தான். துத்தநாகம், தகர டின், எது கிடைத்தாலும் சாவிதான். பூட்டுக்கு விட எண்ணெயும் இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டார்கள். எங்கள் மலைக் குளிரில் அது நெய்யாக உறைந்து பூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதனால் சாவிகள் முறிந்துகொண்டே இருந்தன.

எங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஜப்பான் அதிகாரி வட்டக் கண்ணாடி போட்டிருப்பான். கண்ணாடிக்காரன் என்றே அவனுக்குப் பெயர். பெரிய துரையின் பங்களாவில் இருந்தான். சின்ன துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிளை ஓட்டினான். அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கைகளில் எப்போதும் வெள்ளைக் கையுறை. யாரையாவது அறைய வேண்டுமானால் வலது கையுறையை விரல் விரலாகக் கழற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு அறைவான். அறைந்து முடித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வான். வண்டிமேல் சாய்ந்து நின்ற குற்றத்துக்காக ஒருவனுக்குக் காதில் ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அதே ஆள் வண்டியைக் கழுவ யாரையும் விடமாட்டான். தன் கைக்குட்டையால் தானே துடைப்பான். அடிக்கிற கையும் துடைக்கிற கையும் ஒன்றுதான் என்பது எனக்குத் திகைப்பாக இருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு அவனுடைய வண்டி செயின் தளர்ந்துபோய் எங்கள் பட்டறையில் நின்றது.

எங்கள் தோட்டத்தில் பூசையை முன்னின்று செய்கிறவன் லோரி டிரைவர் வேலு. என் தங்கை பாக்கியத்தின் புருஷன். இயந்திரம் என்றால் அவனுக்கு உயிர். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு மாட்டி ஓட்டிய தன் லோரியோடு பேசுவான், மேட்டில் ஏறும்போது தட்டிக் கொடுப்பான். பொட்டு வைப்பதிலும் அவனுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மற்றவர்கள் வண்டிக்கு நெற்றியில், அதாவது விளக்குக்கு மேலே, சந்தனம் பூசுவார்கள். இவன் சாவித் துவாரத்தின் மேல்தான் வைப்பான். வண்டி எந்த இடத்தில் உயிர் பெறுகிறதோ அந்த இடத்துக்குத்தான் பொட்டு என்பான். லோரியில் அது பெரிய துவாரம், மறுநாள் துணியால் துடைத்தால் போய்விடும்.

பொட்டுக் கிண்ணத்தோடு ஜப்பான்காரன் வண்டியிடம் அவன் போனதும் சுப்பையா அண்ணன் தடுத்தார். "அவன் வண்டிக்கு எதுக்குடா?"

"வண்டி என்னண்ணே பாவம் செஞ்சுச்சு? சின்ன துரைக்கும் ஓடுச்சு, இவனுக்கும் ஓடுது. ஓட்டுறவன் யாருன்னு அதுக்குத் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தான். குங்குமமும் வைத்தான். சூடம் காட்டினோம். மரவள்ளிக்கிழங்கு அவித்து, கிடைத்த கொஞ்சம் வெல்லத்தைப் போட்டுப் பங்கிட்டுத் தின்றோம். அன்று ஒரு நாள் எங்களுக்கு யுத்தம் மறந்துபோனது.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள் கண்ணாடிக்காரன் நடந்தே வந்தான். கூட ஒரு சிப்பாய், தோட்டத்து ஆபீஸின் பெரிய குமாஸ்தாவான பெரிய கிராணி. கிராணி நம் ஆள்தான். நிப்போன் மொழி வகுப்புக்குப் போய்ப் படித்தவர் என்பதால் அவர்தான் மொழிபெயர்ப்பு. எங்கள் ஆயுதங்கள் இன்னும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. கண்ணாடிக்காரன் விளக்கின் மேலிருந்த பொட்டின் மிச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். முகம் சுளிக்கவில்லை. சாவியைச் செருகினான். அது இறுக்கமாகப் போனது. திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம்.

அவன் மிச்சத்தை மறுபடி உள்ளே விடவில்லை. கையில் இருந்த துண்டைப் பார்த்தான். முறிந்த முனையில் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து துவாரத்துக்குள் பார்த்தான். உள்ளே சுவர் பூசினாற்போல் அடைத்திருந்தது. நிமிர்ந்து கிராணியிடம் மெதுவாக நாலு வார்த்தை சொன்னான். கிராணியின் முகம் செத்துவிட்டது.

"சாவி ஓட்டையில யாரோ சிமெண்ட் வச்சிருக்காங்கன்னு சொல்றாரு. நாச வேலைங்கிறாரு. யாருன்னு கேக்கிறாரு" என்றார்.

நாச வேலைக்கு அப்போது என்ன தண்டனை என்று எங்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் தாப்பாவில் தந்திக் கம்பியை அறுத்தவனுடைய தலையைச் சந்தை வாசலில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் லயத்து வீடுகளிலேயே இருந்தார்கள். வேலு கையைத் தூக்கினான்.

"நாந்தாங்க. சிமெண்ட் இல்லீங்க, சந்தனம். பூசைக்கு வச்சேன்."

கிராணி எடுத்துச் சொன்னார். தெரிந்த வார்த்தைகளையெல்லாம் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டி, நன்றாகத்தான் சொன்னார். கண்ணாடிக்காரன் முழுதும் கேட்டான். பிறகு சொன்னதைக் கிராணி எங்களுக்குச் சொன்னார்: "வாய்ப் பேச்சு வேணாமாம். உள்ள இருக்கறத எடுத்துக் காட்டணுமாம். மண்ணோ சிமெண்டோ இருந்தா வேலுவுக்குத் தலை போயிரும். எடுக்கும்போது பூட்டை ஒடச்சா, தடயத்தை அழிச்சதா வச்சுக்குவாராம். அப்ப எடுக்கறவனுக்கும் அதே கதிதான்."

சிப்பாய் வேலுவின் கைகளைப் பின்னால் கட்டி முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டி போடவைத்தான். யாரோ மலைக்கு ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். பாக்கியம் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே ஓடி வந்து பட்டறை வாசலில் நின்றாள். ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு வளையக் குனிய வேண்டும், குனியாதவருக்கு அறை விழும் என்பது அப்போதைய சட்டம். அவள் பழக்கத்தில் குனிந்தாள். கூடையிலிருந்த கொழுந்தெல்லாம் அவள் தலைக்கு மேலாகத் தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

சுப்பையா அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் போய், குங்குமம் வைத்த ஆயுதங்களிலிருந்து என் ஸ்பிரிங் துண்டுகளை எடுத்து வந்தார். மறுபூசை முடியாமல் தொடக் கூடாது என்று மற்ற வருஷங்களில் எங்களைக் கொல்லுகிறவர் அவர்தான். என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "ம். வாயால சொல்லு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருவன் தலை போகிற நேரத்தில் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன், அதில் திட்டு இல்லை. நான் அவசரப்பட்டுவிடக் கூடாதே என்கிற கவலைதான் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். "பேட்டரி வயர கழட்டறேன். கண்ணாடி வச்சுப் பாக்கறேன். பாதி திரும்பின நெலையில முறிஞ்சிருக்கு. அத நேராக்கணும்." நான் சொல்லச் சொல்ல, யாரும் கேட்காமலே கிராணி ஒவ்வொன்றையும் ஜப்பானிய மொழியில் கண்ணாடிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அடைப்ப எளக்க மண்ணெண்ணெய் விடறேன்" என்றேன்.

"மண்ணெண்ணெய் சந்தனத்தக் கரைக்குமாடா?" என்றார் சுப்பையா அண்ணன்.

"கரைக்காது."

"அப்புறம்?"

"தண்ணி கரைக்கும். ஆனா உள்ள தண்ணி நின்னா சுவிட்ச்சு கெட்டுரும்."

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. சுப்பையா அண்ணன் சாணைக்கல் பெட்டியைத் திறந்து சம்சு போத்தலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதுல பாதி தண்ணிதான். மீதி தானா காஞ்சிரும்" என்றார். கள்ளச் சாராயம் வைத்திருந்தால் அதற்கே தனி உதை உண்டு. கண்ணாடிக்காரன் தானே போத்தலை வாங்கி முகர்ந்தான், திரும்ப வைத்தான், மேலே செய் என்பதுபோல் தலையசைத்தான்.

சாராயத்தைக் கரண்டியில் சூடு காட்டி, துரும்பால் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறட்டும் என்று காத்திருந்து ஸ்பிரிங்கை விட்டால், அது பசையில் மாட்டியதுபோல் நின்றது. சந்தனம் இப்படிப் பிடிக்காது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலுவைத் திரும்பிப் பார்த்தேன்.

தலையைத் தூக்காமலே சொன்னான். "மரவள்ளி மாவு கொஞ்சம் காய்ச்சிச் சேத்துட்டேன் மச்சான். கட்ட தேஞ்சு போச்சு, அத்தன வண்டிக்கும் சந்தனம் பத்தல."

மரவள்ளி மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் காயவைத்தால் அது தச்சன் பசை. அதை ஒருவன் பக்தியோடு கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பூட்டுக்குள் வைத்திருக்கிறான். மறுபடி சாராயம், மறுபடி காத்திருப்பு. வந்த பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வெள்ளைத் துணியில் வைத்தேன். துண்டின் ஓரம் தெரிந்ததும் இரண்டு ஸ்பிரிங்கை இரு பக்கமும் செருகி, இடப்பக்கம் மெல்லத் திருப்பினேன். அசையவில்லை. துத்தநாகச் சாவி, இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் உள்ளேயே நொறுங்கிவிடும். அந்தக் குளிரில் வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "மூச்ச விடுடா" என்றார் சுப்பையா அண்ணன். விட்டேன். பூட்டு ஒரு நூலளவு திரும்பியது. பிறகு முழுதும் திரும்பி நேரானது. பல் கவ்வியதைக் கையில் உணர்ந்தேன். இழுத்தேன். துண்டு முழுதாக வந்தது, சந்தனம் பூசிய மேனியோடு.

துணியில் வைத்துக் கண்ணாடிக்காரனிடம் நீட்டினேன். அவன் வலது கையுறையை விரல் விரலாகக் கழற்ற ஆரம்பித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் பாக்கியத்திடமிருந்து ஒரு முனகல் வந்தது. அறைச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் அந்தத் துண்டை வெறும் விரல்களால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோயிருந்தான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான்.

"சந்தனம்தான்னு சொல்றாரு" என்றார் கிராணி.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரன் பேசியதுபோல் ஒரு ஜப்பான்காரன் பேசி நான் கேட்டதில்லை. அவன் அப்பாவுக்குக் கடைசல் பட்டறை இருந்ததாம். வருஷப் பிறப்பன்று எந்த இயந்திரமும் ஓடாதாம். ஒவ்வொன்றின் மேலும் அரிசி மாவுப் பண்டம் வைத்து, சின்னப் பையனான இவனையும் நிறுத்தி, எல்லாரும் குனிந்து கும்பிடுவார்களாம். கிராணி சொல்லச் சொல்ல நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். சிப்பாயிடம் கையைக் காட்டினான். கட்டை அவிழ்த்தார்கள். வேலுவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. பாக்கியம் கொட்டிய கொழுந்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். சுப்பையா அண்ணன் யாருக்கும் மறைக்காமல் போத்தலில் மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்தார். இனி நமக்கு ஆபத்தில்லை என்று நான் முழுசாக நம்பினேன்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரன் பட்டறைக்கு வரும்போதெல்லாம் வேலுவைப் பார்த்துத் தலையசைப்பான். ஒருமுறை சிகரெட்டும் கொடுத்தான். வேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா மச்சான், நான் வச்ச பொட்டு" என்பான்.

மழைக்காலம் கழிந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அடிபட ஆரம்பித்தது. கீழே தாப்பா பக்கத் தோட்டங்களில் லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எங்கள் லயத்து ஆண்கள் லோரிச் சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடினார்கள். பட்டறை ஆட்கள் நாங்கள் ஓடவில்லை. எங்களைத் தொடமாட்டார்கள், பேக்டரிக்கு நாங்கள் வேண்டும் என்பது எங்கள் தைரியம்.

ஒரு நாள் முற்பகல் லோரி வந்தது. அதற்கு முன்னால் கண்ணாடிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். லோரியின் பின்பக்கம் ஏற்கெனவே பிடித்த ஆட்கள் மாடுகளைப்போல் நின்றுகொண்டிருந்தார்கள். கிராணி பட்டறைக்குள் வந்து வேலுவைக் கூப்பிட்டார்.

"சயாம்ல ரயில் இஞ்சின் ஓடப் போவுதாம். இஞ்சினக் கவனிக்க நல்ல ஆள் வேணுமாம். மிஷினக் கும்பிடற மனுசன் இந்த மலையில ஒருத்தன்தான் இருக்கான், அவனத்தான் அனுப்புவேன்னு துரை சொல்றாரு. ஒன்னக் கௌரவப்படுத்தறாராம். நீ முன் சீட்டுல ஒக்காந்து போவணுமாம்."

எனக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. தண்டனை என்றால் எனக்கு விளங்கியிருக்கும். பழி வாங்குகிறான் என்றாலும் விளங்கியிருக்கும். இது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

வேலு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ரயில் இஞ்சினா?" அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு நடுவில் ஒரு ஆசையும் இருந்தது. ஆயுசு முழுக்க ஓட்டை லோரி ஓட்டியவன். அந்த ஆசையைப் பார்த்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாமல் போனது.

"கிராணியாரே, நான் போறேன்னு சொல்லுங்க. மாப்ளய விடச் சொல்லுங்க" என்றேன். அவர் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "பிட்டர் இங்க வேணுமாம்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாக்கியம் ஒரு துண்டில் இரண்டு சட்டையும் அவித்த கிழங்கும் கட்டிக்கொண்டு வந்தாள். வேலு வாங்கிக்கொண்டான். "முன் சீட்டுதானாம் பாக்கியம். அழாத. இஞ்சின் வேலைன்னா பெரிய வேலைதான். எப்படியும் வந்துருவேன்" என்றான். என்னைப் பார்த்து, "லோரிக்குக் கரி அடுப்ப வாரம் ஒருக்கா தட்டிவிடு மச்சான், மறந்துராத" என்றான். நான் தலையை ஆட்டினேன். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

அப்போதுதான் கண்ணாடிக்காரன் லோரியின் முன்னால் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பு வளைய, மெதுவாகக் குனிந்தான். ஒரு தோட்டத்து டிரைவருக்கு, ஒரு தமிழனுக்கு, ஜப்பான் அதிகாரி குனிகிறான். காவலுக்கு நின்ற சிப்பாயே விழித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டான். லோரி கிளம்பி ரிங்லெட் வளைவில் இறங்கியது. பாக்கியம் அது மறையும்வரை கையாட்டிக்கொண்டு நின்றாள்.

வேலு திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் ஒன்றிரண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அன்று அதே லோரியின் பின்பக்கம் நின்று போன ஒருவர், எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார். இஞ்சின் என்று அங்கே எதுவும் இல்லை. ரயிலிலிருந்து இறக்கியதும் முன் சீட்டு, பின் சீட்டு என்று யாரும் பார்க்கவில்லை. எல்லார் கையிலும் மண்வெட்டியும் கூடையும் கொடுத்துக் காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். பெருமழையில் வாந்திபேதி வந்தபோது வேலு போய்விட்டான். மற்றவர்களோடு சேர்த்து ஒரே குழியில் போட்டார்கள்.

கண்ணாடிக்காரன் என்ன ஆனான் என்று தெரியாது. ஜப்பான் தோற்றதும் மோட்டார் சைக்கிளைப் பங்களாவில் நிறுத்திவிட்டு மற்றவர்களோடு போய்விட்டான். அங்கே இஞ்சின் இல்லை என்று தெரிந்தே அனுப்பினானா, அவனையும் யாராவது அப்படி நம்பவைத்திருந்தார்களா? நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவன் முகம் ஞாபகம் இருக்கிறது. அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாக்கியம் என்னோடுதான் இருக்கிறாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போக்காரர் வந்துபோன அன்று மாலை, முற்றத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், எந்த முன்பேச்சும் இல்லாமல் கேட்டாள்.

"அண்ணே, அந்த ஜப்பான்காரன் அவருக்குக் குனிஞ்சு கும்பிட்டானே, அது நெசந்தானே? நான் கண்ணால பாத்தேன்."

"நெசந்தான் பாக்கியம்."

"தெரிஞ்சு கும்பிட்டானா, தெரியாமக் கும்பிட்டானா?"

"தெரியலையே" என்றேன்.

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சு கும்பிட்டிருந்தான்னா, அன்னிக்கே அவரு பொணம்தான்ணே. நான்தான் உசுரோட போறாருன்னு நெனச்சுக்கிட்டுக் கையாட்டிட்டு நின்னிருக்கேன்."